மூன்று பேருக்கு இடம்

ஜூலை 1, திங்கள்

பயிற்சிக்குப் போகிறவர்களுக்குக் கம்பெனியில் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். தினமும் கற்றுக்கொண்டதை எழுதி, சாயங்காலம் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். இன்று அதில் எழுதியது ஒரே வரி: 'தானியங்கி வைண்டிங் மெஷினின் பாகங்களை அறிந்துகொண்டேன்.' துரைசாமி சூப்பர்வைசர் படித்துக்கூடப் பார்க்காமல் கிறுக்கிக் கொடுத்துவிட்டார். மீதியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மகள் போன வருடம் பாதியில் விட்ட அறிவியல் நோட்டு ஒன்று பரண்மேல் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

ஆறு வருடமாக இந்தப் பம்புக் கம்பெனியில் வைண்டிங் லைனில் இருக்கிறேன். மோட்டாரின் இரும்பு வளையத்துக்குள்ளே வரிசையாகப் பள்ளம் இருக்கும். செம்புக் கம்பிச் சுருளை ஒவ்வொரு பள்ளத்திலும் கையால் இறக்க வேண்டும். பதினாலு பெண்கள் உட்கார்ந்து செய்கிற இந்த வேலைக்கு இப்போது மெஷின் வந்துவிட்டது. ஆகஸ்ட் முதல் ஓடுமாம். அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கப் புனேவிலிருந்து தேஷ்முக் சார் வந்திருக்கிறார். நாலு வாரப் பயிற்சி. தேறினால் ஆபரேட்டர் கிரேடு, இப்போது வாங்குகிற சம்பளம் ஒன்றரை மடங்காகும்.

பயிற்சி அறையில் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தது இரண்டு பேர். நானும், லேத் பிரிவு மயில்சாமி அண்ணனும். என் பேர் எப்படியோ போயிருக்கிறது. நல்லதுதானே, போகட்டும்.

பக்கத்து இருக்கை ருக்குமணியக்கா காலையில் கையைப் பிடித்துக்கொண்டு, "போயி நல்லாக் கத்துக்கிட்டு வா அம்முணி. நம்ம லைன்ல இருந்து ஒருத்தியாச்சும் போறயே, அதே போதும்" என்றாள். மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கத்தரிக்காய் வேகாமல் இருந்ததுதான் காரணம்.

ஜூலை 2, செவ்வாய்

தேஷ்முக் சாருக்குத் தமிழ் தெரியாது. அவர் இங்கிலீஷில் பேசுவதைத் துரைசாமி தமிழில் சொல்கிறார். சொல்கிறாராம்!

கம்பியை மெஷின் ஓர் அளவோடுதான் இழுக்க வேண்டும், ரொம்ப இறுக்கினால் மேல்பூச்சு கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும், சோதனையில் தேறிவிடும், ஆனால் ஆறே மாதத்தில் மோட்டார் கருகும் என்று அந்த மனுஷன் ஐந்து நிமிஷம் தொண்டை வறளச் சொன்னார். துரைசாமி எங்கள் பக்கம் திரும்பி, "கம்பி நல்லா இறுக்கமா இருக்கோணும்கறாரு" என்றார். அட கடவுளே! நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எனக்கு எப்படிப் புரிந்தது என்றால், அவர் கையைக் காட்டிக் காட்டித்தான் பேசினார். ஆறு மாதத்தில் கருகுவதைக் கையால் எப்படிக் காட்டினார் என்று யாரும் கேட்க வேண்டாம்.

ஜூலை 4, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் அடுப்பு கேட்டு இட்லி ஊற்றி எடுத்தேன். சீருடைக் கோட்டில் எண்ணெய்க்கறை, ஊறவைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் தான் ஓட்டுகிற டாடா ஏஸ் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "என்னங்க டீச்சரம்மா, இப்ப நீங்க ஸ்டூடண்ட் ஆயிட்டீங்களாமா?" என்று கிண்டல் செய்தார். வாசலில் தெருப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "நாலு பேர் காதுல விழற மாதிரி அப்படிக் கூப்புடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று கத்திவிட்டேன். பாவம், ஈரத்துணியோடு அப்படியே நின்றார்.

ஜூலை 5, வெள்ளி

மயில்சாமி அண்ணன் தொடுதிரையை ஸ்பேனர் பிடித்த வேகத்தில் அழுத்துகிறார். திரைதான் பாவம்.

ஜூலை 8, திங்கள்

மயில்சாமி அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். ஐ.டி.ஐ. முடித்து இருபத்தெட்டு வருடமாக லேத் ஓட்டியவர். அவர் பேரை லேத் பிரிவு சூப்பர்வைசரே கொடுத்துவிட்டாராம். தேநீர் நேரத்தில் அவர்தான் கேட்டார். "ஏனம்முணி, இந்த மூணாவது நாற்காலிக்கு ஆரு வருவாங்க?"

"எனக்கென்னங்கண்ணா தெரியும்?" என்றேன்.

அதன் பிறகு மேனேஜர் வந்தார். தேஷ்முக் சார் அவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். மூன்று பேருக்குச் சேர்த்துத்தான் பயிற்சிக் கட்டணம் வாங்கியிருக்கிறோம், ஓர் இடம் வீணாகப் போகிறது, வெள்ளிக்கிழமைக்குள் யாராவது சேர்ந்தால்கூடப் பிடித்துக்கொள்ளலாம், அதற்குமேல் சேர்த்தால் பாடம் ஓடாது என்றார். ஆள் வரவில்லை, நாங்கள் என்ன செய்ய என்று மேனேஜர் தோளைக் குலுக்கினார். துரைசாமி இதை எங்களுக்குச் சொல்லவில்லை. மொழிபெயர்க்க வேண்டிய விஷயம் இல்லைதானே.

ஜூலை 10, புதன்

சாப்பாட்டு அறையில் இன்று ஒரே சலசலப்பு. மெஷின் ஓடத் தொடங்கியதும் வைண்டிங் லைனில் நாலு பேர்தான் இருப்பார்களாம், மீதிப் பேர் பேக்கிங். யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று துரைசாமி பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பேக்கிங்கில் ஊக்கத்தொகை கிடையாது. கூடுதலாக முடிக்கிற ஒவ்வொரு மோட்டாருக்கும் கிடைக்கிற பணம் அங்கே இல்லை. லைனிலேயே அதிக ஊக்கத்தொகை வாங்குகிறவள் ருக்குமணியக்கா. அவள் கை ஓடுகிற வேகத்துக்கு எங்களில் யாருமே பக்கத்தில் வர முடியாது. பையனை டிப்ளமோ படிக்க வைப்பது அந்தப் பணத்தில்தான்.

அவள் யார் மேலும் கோபப்படவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அட்டப் பெட்டிக்கு டேப் ஒட்டறக்கா இருவது வருசம் கத்துக்கிட்டேன்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த மெசினப் பழகோணும்னா ஆரக் கேக்கோணும் அம்முணி? உன்ர பேர ஆரு குடுத்தாங்க?" என்றாள்.

ரசத்தில் உப்பு கூடிப் போச்சுங்கக்கா என்றேன். எழுந்து போய்க் கை கழுவினேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்று எழுத நேரமில்லை.

ஜூலை 14, ஞாயிறு

நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியிலிருந்து சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த நோட்டில்கூடப் பொய் எழுதினால் அப்புறம் எனக்கு எங்கேதான் போக்கிடம்? எழுதிவிடுகிறேன்.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். முதல் வகுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருடம் ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்தினேன். அங்கே கொடுத்த சம்பளம் போக வர பஸ்ஸுக்கும் நல்ல சேலைக்குமே சரியாகப் போயிற்று. அப்போது இந்தக் கம்பெனி கேட்டில் போர்டு வைத்திருந்தார்கள்: 'பெண்கள் தேவை. பத்தாவது வரை படித்தவர்கள் மட்டும். டிகிரி படித்தவர்கள் வர வேண்டாம்.' டிகிரிக்காரிகள் நிற்க மாட்டார்கள், ஆறு மாதத்தில் ஓடிவிடுவார்கள் என்று அவர்களுக்கு நினைப்பு. பள்ளிக்கூடம் கொடுத்ததைப்போல இரண்டு பங்கு சம்பளம். விண்ணப்பத்தில் பத்தாவது என்று எழுதினேன். என் கையால்தான் எழுதினேன். ஆறு வருடமாக இங்கிலீஷ் தெரியாதவளாக இருக்கிறேன். மருந்துச் சீட்டைக்கூட இன்னொருத்தியிடம் நீட்டி, "என்னக்கா போட்டிருக்குது?" என்று கேட்டு நடித்திருக்கிறேன்.

இது வரைக்கும் வயிற்றுப்பாடு. யாருக்கும் கெடுதல் இல்லை. அடுத்ததுதான் விஷயம்.

ஜூன் மாதம் நோட்டீஸ் போர்டில் இங்கிலீஷில் ஒரு தாள் ஒட்டினார்கள். பத்தாவது தேறி, ஐந்து வருடம் வேலை பார்த்த யாரும் மெஷின் பயிற்சிக்குப் பேர் கொடுக்கலாம், மூன்று பேருக்கு இடம், பத்து நாள் அவகாசம். நானும் ருக்குமணியக்காவும் தண்ணீர் பிடிக்கப் போனபோது அவள் நின்று, "புதுசா என்னமோ ஒட்டியிருக்கறாங்க, என்ன அம்முணி அது?" என்றாள். அவள் பத்தாவது தேறியவள். இருபது வருட சர்வீஸ்.

"ஏதோ லீவு விசயமாட்ட இருக்குதுங்கக்கா" என்றேன்.

மறுநாள் ஹெச்.ஆர். அறைப் பக்கம் லைன் ஆட்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பேர் கொடுத்தேன். யாராவது கேட்டால், துரைசாமி சொன்னார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

படித்துச் சொல்லியிருந்தால், எப்படிப் படித்தாய் என்று கேட்டிருப்பார்கள், என் குட்டு வெளிப்பட்டிருக்கும். இத்தனை நாளும் இதைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. அவள் பேர் கொடுத்தால் அவளைத்தான் எடுப்பார்கள், எனக்குக் கிடைக்காது என்று பயந்தேன். மூன்று இடம் என்று கண்ணால் படித்துவிட்டும் பயந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 18, வியாழன்

மெஷின் நடுவில் கம்பி அறுந்து நின்றது. கம்பியைச் சுற்றுகிற கதிர் ஓய்ந்துவிட்டது என்று நினைத்து மயில்சாமி அண்ணன் மூடியைத் தூக்கி, அறுந்த முனையை எடுக்கக் கையை உள்ளே விட்டார். திரையில் சிவப்பாக எழுத்து ஓடியது. கதிர் தானாக ஒருமுறை சுற்றித் தொடக்க நிலைக்கு வரும், கையை விடாதே என்று இங்கிலீஷில். துரைசாமி முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டியது. சொல்லவில்லை.

"அண்ணா, கைய எடுங்க! அது இன்னொருக்கா சுத்தும்!" என்று கத்தி, சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேரும் தடுமாறிச் சுவரில் மோதினோம். கதிர் 'விர்'ரென்று ஒரு சுற்று சுற்றி நின்றது.

தேஷ்முக் சார் ஓடிவந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதைப் படித்தாயா என்று இங்கிலீஷில் கேட்டார். ஆமாம், இது துரைசாமியின் மொழிபெயர்ப்பில் வரவே இல்லை, இன்னும் என்னென்ன விட்டுப்போயிருக்கிறதோ தெரியவில்லை என்று நானும் இங்கிலீஷிலேயே பொரிந்து தள்ளிவிட்டேன். ஆறு வருடமாக அடைத்து வைத்தது, அணை உடைந்த மாதிரி வந்தது. துரைசாமி வாய் பிளந்து நின்றார்.

மயில்சாமி அண்ணன் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருப்பே தாயி" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

ஹெச்.ஆர். பியூலா மேடம் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"எவ்வளவு படிச்சிருக்கே வான்மதி?"

சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இத நீ எங்கிட்ட சொல்லல, நானும் கேக்கல. சரியா? எழுத்துல வந்தா பொய்த் தகவல்னு மெமோ குடுக்கணும், சர்வீஸ் போயிடும். எதுக்கு வம்பு? தேஷ்முக் உன்னைத் தலைமேல தூக்கி வெச்சுக்கிட்டு ஆடறாரு. ஒண்ணாந்தேதில இருந்து கிரேடு போட்டுடறேன். பேசாமப் போய் வேலையப் பாரு."

நல்ல மனுஷி. எழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். நான் உட்கார்ந்தே இருந்தேன். மூன்றாவது இடத்துக்கு ருக்குமணியக்காவைச் சேர்க்க முடியுமா மேடம் என்று கேட்டேன்.

"நோட்டீஸ் பத்து நாள் இருந்துச்சு. அவங்க பேர் குடுக்கலியே?"

"அது இங்கிலீசுல இருந்துச்சுங்க மேடம்."

"யாரையாச்சும் கேட்டிருக்கலாமே?"

கேட்டாள் மேடம், என்னைத்தான் கேட்டாள். இதைச் சொல்ல வாய் வரவில்லை. மேடமே தொடர்ந்தார். இப்போது சேர்க்க வேண்டுமென்றால் மேனேஜர் சம்மதிக்க வேண்டும், அதற்கு ஏதாவது காரணம் எழுத்தில் வேண்டும் என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

துணி துவைத்தேன். மகளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டேன். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எழுதிக் குடுத்தா ஆறு வருசம் போயிரும். வண்டிக்கு டியூ இன்னும் இருக்குது" என்றார். பிறகு, "எழுதாம உன்னால இருக்க முடியுமா?" என்றார்.

"முடியும்னுதான் நெனைக்கறேன்."

"அப்ப எதுக்கு மூணு தடவ ஒரே துணியப் புழியறே?"

இந்த ஆளிடம் பொய் சொல்வதும் கஷ்டம்.

ஜூலை 23, செவ்வாய்

மத்தியானம் ருக்குமணியக்காவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னேன். நான் படித்திருக்கிற சமாசாரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. வியாழக்கிழமையே கம்பெனி முழுக்கப் பரவிவிட்டதே. அதில் அவளுக்குப் பெருமைகூட. "எங்கிட்டச் சொல்லிருக்கலாமில்ல கள்ளி, நான் ஆருகிட்டப் போயி ஊதப்போறேன்?" என்று தோளில் தட்டினாள்.

அதற்குப் பிறகுதான் நோட்டீஸ் விஷயத்தைச் சொன்னேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் பாட்டிலை மூடினாள். திருகித் திருகி மூடினாள்.

"எனக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும். இல்லீன்னா ஒரு ஃபோட்டோப் புடிச்சு என்ர பையனுக்கு அனுப்பியிருப்பேன், அவன் படிச்சுச் சொல்லியிருப்பான். பையில இருந்து ஃபோனைக்கூட எடுத்தேன். நீ லீவு விசயம்னே. சரி, நம்ம வானுதானே சொல்றான்னு உள்ள வெச்சுட்டேன்."

அவ்வளவுதான். போய்விட்டாள். சாப்பாட்டு அறையில் அவள் டப்பா வேறு மேசையில் இருந்தது.

ஜூலை 24, புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம், தமிழில். நான் படித்த படிப்பு, படிவத்தில் எழுதிய பொய், இங்கிலீஷில் மட்டும் இருந்த நோட்டீஸை லைனில் பதினாலு பேரில் நான் ஒருத்திதான் படித்தேன் என்பது, கேட்டவளிடம் மாற்றிச் சொன்னது, எல்லாம். 'ஆகையால் மூன்றாவது இடத்தைத் திருமதி ருக்குமணி அவர்களுக்கு அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தேன்.

பியூலா மேடம் இரண்டு முறை படித்தார். "உனக்குப் பைத்தியமா வான்மதி?" என்றார். மேனேஜர் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 26, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. நான் ராஜினாமா செய்துவிட்டு, ஆகஸ்ட் ஒன்றாம் தேதி டிகிரியோடு புதிதாகச் சேர வேண்டும். ஒரு வருடம் டிரெய்னி. டிரெய்னி சம்பளம் இப்போதைய லைன் சம்பளத்தைவிடக் குறைவு. ஆறு வருட சர்வீஸ் கணக்கில் வராது. நாலு வாரம் கம்பெனிச் செலவில் பயிற்சி எடுத்து, தேர்வில் முதலாவதாக வந்து, சம்பளத்தைக் குறைத்துக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சிரிப்பு வருகிறது. கொஞ்சம் அழுகையும் வந்தது, மறைப்பானேன்.

மயில்சாமி அண்ணனுக்கு ஆபரேட்டர் கிரேடு. ருக்குமணியக்காவுக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். தேஷ்முக் சார் இன்று ஊருக்குப் போகிறார். ஆகஸ்ட் கடைசியில் திரும்ப வந்து அவளுக்குத் தேர்வு வைப்பார். தேறினால் அவளுக்கும் கிரேடு உண்டு. அதுவரை அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது நான்தான். பியூலா மேடம் இன்னொன்றும் சொன்னார். இனிமேல் போர்டில் ஒட்டுகிற எதுவும் தமிழிலும் இருக்குமாம். மொழிபெயர்க்கிற வேலை யாருக்கு? டிரெய்னிக்குத்தான்.

ஜூலை 30, செவ்வாய்

ருக்குமணியக்கா இன்று பயிற்சிக்கு வந்தாள். "வாங்கக்கா" என்றேன். தலையை ஆட்டினாள்.

அவள் கற்றுக்கொள்கிற வேகத்தை என்னவென்று சொல்ல! கம்பி எந்த இழுப்பில் உரியும், எந்த இழுப்பில் தளரும் என்று நான் எண்ணைச் சொல்வதற்குள் அவள் கம்பியை விரலில் தொட்டுப் பார்த்து அதே எண்ணைத் திரையில் வைத்துவிடுகிறாள். எனக்கு இரண்டு வாரம் பிடித்த பாடம் அவளுக்கு ஒரு காலை நேரம்தான். இவளைப் போய் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட விடப் பார்த்தேனே.

என்னை அம்முணி என்று கூப்பிடவில்லை. 'நீங்க' என்கிறாள். "இந்தப் பட்டனுக்கு அப்பறம் எதுங்க?" என்கிறாள். ஆறு வருடமாக என் டப்பாவிலிருந்து கேட்காமலே எடுத்துத் தின்றவள்.

பதினொரு மணிக்கு மெஷின் நின்று, திரையில் இரண்டு வரி வந்தது. "கம்பி உருளை தீரப் போகுதுன்னு வந்திருக்குதுங்கக்கா. புது உருளைய மாட்டிட்டு, பச்சை பட்டனை அமுத்தச் சொல்லுது" என்றேன்.

உருளையை மாட்டினாள். பட்டனுக்குப் போன கை பாதியில் நின்றது. திரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அறையின் அந்தக் கோடியில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள்.

"மயில்சாமிண்ணா, இங்க கொஞ்சம் வாங்க. இவங்க சொல்றது சரிதானுங்களான்னு பாத்துச் சொல்லுங்க."

மயில்சாமி அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, அந்த இரண்டு வரியையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரிதான் ருக்குமணி" என்றார்.

அதற்குப் பிறகுதான் அழுத்தினாள்.